சுற்றாத வளையம்

உங்கள் மேசை விசிறி இடது பக்கம் திரும்பும்போது ஒரு இடத்தில் சிக்குகிறது, ஐயா. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. கழுத்தில் உள்ள திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். போன தடவை விசாரணைக்கு வந்தபோதே கவனித்தேன். அப்போது சொல்லவில்லை. அப்போது நான் சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டுமில்லை, அதற்காகத்தான் மறுபடி வந்திருக்கிறேன்.

யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், இறந்த விஷயத்தில் நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு ஆள் மேல் பழி விழுந்திருக்கிறது. சுக்கான் பிடித்தவன் தூங்கிவிட்டான், அதனால்தான் பின்னாலிருந்து கேபின் தகரத்தைத் தட்டியும் படகு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துறைமுகத்தில் அவனுக்குத் தூக்கம் என்றுதான் பட்டப்பேர். மீன் பெட்டி மேல் சாய்ந்து தூங்குவான், நின்றபடியே தூங்குவான், கல்யாணப் படத்தில்கூட அவன் கண் மூடித்தான் இருக்கிறது. பேரைக் கேட்டதும் நீங்கள் நம்பியதில் தப்பில்லை. துறைமுகமே நம்பியது. அவனே நம்பிவிட்டான், அதுதான் கொடுமை. ஆனால் சுக்கானில் அவன் ஒரு நாளும் கண் அசந்ததில்லை. அன்றைக்கும் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

எங்களுடையது வலை போடும் படகு இல்லை. ஓடிக்கொண்டே தூண்டில் இழுக்கிற படகு. பின்பக்கம் பெரிய இரும்பு உருளைகள் இருக்கும். அதில் எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். கம்பியின் நுனியில் தலையளவு ஈயக் குண்டு. குண்டு கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டு போகும், நாங்கள் கம்பியில் இடைவெளி விட்டு விட்டுத் தூண்டில்களை மாட்டுவோம். உருளைக்குப் பக்கத்தில் ஒரு லீவர். முன்னே தள்ளினால் கம்பி இறங்கும், நடுவில் வைத்தால் நிற்கும், பின்னே இழுத்தால் சுற்றிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும், கம்பியில் முறுக்கு இல்லாத வரைக்கும்.

முறுக்கு ஏறிய கம்பி நல்ல கம்பி மாதிரியே இருக்கும். இழுத்துப் பிடித்திருக்கும்போது சாதுவாக இருக்கும். கொஞ்சம் தளர்ந்தால் போதும், தானாக எழும்பிச் சுருக்குப் போட்டுக்கொள்ளும். அந்தச் சுருக்கில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. எங்கள் அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இருந்தன. அந்த இரண்டை வைத்துக்கொண்டே எனக்குத் தலை சீவிவிடுவார், சட்டைப் பித்தான் போட்டுவிடுவார். தளர்ந்த கம்பியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டியதில்லை, அந்தக் கையால்தானே சோறு பிசைவார்.

அதனால் கம்பி விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன். ஒத்துக்கொள்கிறேன். புதுக் கம்பி வந்தால் அந்தப் பெரிய சுருளை ஒரு கம்பத்தில் கோர்த்து நிறுத்தி, சுருளே சுற்றிச் சுற்றிக் கம்பியைக் கொடுக்கும்படி வைத்து, நடுவில் ஒரு ஆள் துணியால் பிடித்துக்கொள்ள, வரி வரியாக உருளையில் ஏற்றுவேன். அரை நாள் ஆகும். குண்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சுழல் வளையம் மாட்டுவோம். கடையில் ஸ்விவல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு கண்ணி, நடுவில் ஒரு குமிழ். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பினால் தனியாகச் சுழலும். மிச்சம் மீதி முறுக்கு இருந்தாலும் அந்த வளையம் வழியாகத் தண்ணீருக்குள் அவிழ்ந்து போய்விடும். அந்த வளையங்களை வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பேன். என் படகில் கம்பி மடிந்தது என்று யாரும் சொன்னதில்லை.

என் படகு என்று சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். படகு அப்பாவுடையது. அவருக்குப் பிறகு அக்கா பேருக்கு வந்தது. அக்கா அதை அத்தான் கையில் கொடுத்தாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

அத்தான் லாரி மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தான். ஒரே ஒரு பழக்கம். நாலு பேர் கூடிவிட்டால் அவருக்குச் சிரிப்புக் காட்ட வேண்டும். அதற்கு நான்தான் ஆள். வீட்டில் மாப்ளே என்று கூப்பிடுவார், துறையில் கால் வைத்ததும் டாக்டர் ஆகிவிடுவேன். கம்பி டாக்டர்.

"நம்ம டாக்டர் இருக்காரே, கம்பிக்குக் காய்ச்சல்னா பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவாரு" என்பார் டீக்கடையில். நான் கம்பிக்கு நாடி பிடிப்பது மாதிரி நடித்துக் காட்டுவார். கடையே குலுங்கும். தூக்கம்கூடக் கண் திறந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் சொல்ல எனக்கும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். தேடிப் பார்த்தேன். இல்லை.

புதுக் கம்பி வந்த அன்று நான் அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சுருள் துறையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறது. அத்தான் அதற்கு மேலே குனிந்து நின்று வளையம் வளையமாக உருவி உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தரையில் படுத்திருக்கிற சுருளிலிருந்து அப்படி உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருந்தது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"பாத்தியா டாக்டர்? நீ அரை நாள் மெனக்கெடுவ. நான் டீ ஆறதுக்குள்ள முடிச்சிட்டேன்" என்றார் அத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நல்லா இருக்கு அத்தான்" என்றேன். அவருடைய டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஒன்றும் அடியோடு விவரம் இல்லாதவர் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முறுக்கு ஏறியிருக்குமே. தூண்டில் மாட்டறதுக்கு முன்னாடி வெறும் குண்டோட ஆழத்துல நீட்டி விடுங்க. வளையம் சுத்தி எல்லாத்தையும் எடுத்துடும்" என்றார். "அதான் பண்ணப் போறேன்" என்றார் அத்தான். அது சரியான வைத்தியம்தான். வளையம் சுற்றினால்.

என்னிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. கெட்டுப்போன சாமான்களைப் போட்டு வைப்பேன். அதில் ஒரு பழைய வளையம். உப்பும் துருவும் ஏறி, இடுக்கி வைத்துத் திருகினாலும் அசையாத அளவுக்கு இறுகிப்போனது. மறுநாள் காலையில் அத்தான் டீசல் பிடித்துக்கொண்டிருந்தபோது, குண்டுக்கு மேலே இருந்த நல்ல வளையத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன், துரு தெரியாமல் இருக்க.

நான் நினைத்தது என்னவென்றால், முறுக்கு போகாது. தூண்டில் மாட்டியதும் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சிக்குப் பிடித்த கம்பியோடு துறைக்குத் திரும்புவார். டீக்கடையில் எல்லோரும் பார்ப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, "மாப்ளே, இனிமே இத நீயே பாத்துக்க" என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை அவர் எப்படிச் சொல்வார், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். நானும் பெருந்தன்மையாக, "பரவாயில்ல அத்தான்" என்று சொல்வதாக இருந்தது.

முறுக்கேறிய கம்பி கையைப் பிடிக்கும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

கடல் அன்றைக்கு மோசமில்லை. நீண்ட மந்தமான அலை. தூக்கம் கேபினுக்குள் சுக்கானில். எஞ்சின் சத்தத்தில் பின்னால் என்ன பேசினாலும் அவனுக்குக் கேட்காது, முதுகு வேறு எங்கள் பக்கம். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் லீவரில் இருப்பவன் கேபின் தகரத்தை இரும்புத் தண்டால் தட்ட வேண்டும். அது எங்கள் படகில் வழக்கம். லீவரில் நான் இருந்தேன்.

குண்டு இறங்கியது. கம்பி போய்க்கொண்டே இருந்தது. அத்தான் பின்விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "முறுக்கு போயிட்டிருக்கும்ல, டாக்டர்?" என்றார். "போயிட்டிருக்கும்" என்றேன். அப்போது படகின் பின்பக்கம் அலையில் தாழ்ந்தது, கம்பி ஒரு கணம் தளர்ந்தது, உருளைக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சுருக்கு எழும்பியது. அது மடிந்துவிடாமல் எடுத்துவிட அவர் கையை நீட்டினார். லாரிக்காரர், கையால் எடுத்துப் பழகியவர்.

படகில் யார் கம்பிக்கு அருகில் கை கொண்டுபோனாலும் என் வாயிலிருந்து தானாக ஒரு சத்தம் வரும். "கைய எடு!" என்று. யோசித்து வருவதில்லை, இருமல் மாதிரி வருவது. அதையும் வைத்து அத்தான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். அன்றைக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. நான் விழுங்கினேன்.

சுருக்கு அவர் மணிக்கட்டில் விழுந்தது. படகு மறுபடி எழும்பியதும் இறுகியது. அவர் உடனே அலறவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி கையைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்ளே, நிறுத்து" என்றார்.

படகில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, ஐயா.

என் கை லீவர் மேல்தான் இருந்தது. நடுவுக்குக் கொண்டுவர ஒரு சாண் தூரம்கூட இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

"மாப்ளே" என்றார் இன்னொரு தடவை. அப்போது அவர் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்திருந்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. அது நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கம்பி அவரையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு தகரத்தைத் தட்டினேன். தட்டினேன் என்று அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை, எப்போது தட்டினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. தூக்கம் உடனே எஞ்சினைக் குறைத்தான். ஓடி வந்தான். எனக்கு முன்னால் அவன்தான் கத்தினான்.

கம்பியைத் திரும்பச் சுற்றினேன். தூக்கம் விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தான். அவ்வளவு முறுக்கு ஏறியும், அவ்வளவு பாரம் தொங்கியும், கம்பி அறுபடவில்லை. அறுபட்டிருந்தால் அக்காவுக்கு அவர் முகம்கூடக் கிடைத்திருக்காது. சுற்றும்போது கம்பி ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படியும்படி ஒரு மரத்துண்டால் ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. அவரை மேலே தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, தூக்கம் போர்வை எடுக்கக் கேபினுக்குள் போன நேரத்தில், வளையத்தை மாற்றினேன். நல்லது குண்டுக்குப் போனது, கெட்டது என் சட்டைப் பைக்கு வந்தது. நீங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா எதாவது சொன்னாராடா?"

"உன் பேரைத்தான் சொன்னாரு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்கிறாள், சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள், நான் இருக்கும்போதே சொல்கிறாள். போன வாரம் அத்தானுடைய ரப்பர் பூட்ஸைக் கழுவிக் காயவைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே நீதான்டா எல்லாம் பாத்துக்கணும்" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. போட்டுக்கொண்டேன். அவர் கால்விரல் பதிந்த பள்ளத்தில் என் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதற்காகவும் நான் இங்கே வரவில்லை. தூக்கம் வந்ததால் வந்தேன்.

நேற்று அவன் வீட்டுக்கு வந்தான். நான் அத்தானுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரம் பார்த்து. ஆள் பாதியாகியிருந்தான். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள், எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவன் இப்போது தூங்குவதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடினால் யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, நான் தூங்கலன்னுதான் நெனச்சேன். ஆனா இவரு தட்டினேன்னு சொல்றாரு. எனக்குக் கடைசியாத்தான் கேட்டுச்சு, மொதல்ல தட்டினது கேக்கலயே. அப்ப தூங்கித்தானே இருப்பேன்?" என்றான்.

அக்கா அவன் தோளில் கை வைத்தாள். "போனவரு திரும்பியா வரப்போறாரு. நீ வேணும்னா பண்ணின? எழுந்திரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுடா. மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன், ஐயா. வாய் கூசாமல் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டான். லீவரில் இருந்த அதே கை. மண் வாயைத் திறந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவன் போன பிறகு தண்ணீர்க் குழாயடியில் நின்று அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அக்கா கதவுப் பக்கம் நின்று, "என்னடா பண்ற?" என்றாள். "கிரீஸ்" என்றேன்.

இவ்வளவுதான். தூக்கம் தூங்கவில்லை. அத்தானைக் கொன்றது நான். வெறும் வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு எழுதி முடித்த அறிக்கையை மாற்ற முடியாது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். அக்காவும் நம்பமாட்டாள். துக்கத்தில் எதையோ உளறுகிறான், தூக்கத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்பார்கள். அவன்மேல் இருக்கும் பழி போக வேண்டுமென்றால், அன்றைக்கு அந்தக் கம்பியில் இறுகிப்போன ஒரு வளையம் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்த வளையத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கொண்டுவந்திருக்கிறேன். இதோ, இந்தக் கைக்குட்டைக்குள். பிரித்துப் பாருங்கள்.

துரு இல்லைதான். சாயங்காலங்களில் எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஆட்டி, நேற்று அவன் வந்துவிட்டுப் போன பிறகுதான் துருவின் பிடி முழுதாக விட்டது. விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எவ்வளவு நேரம் சுற்றுகிறது பாருங்கள். உங்களைப் போன்ற ஒரு அதிகாரியின் மேசையில், என் கையால், சுற்றாத வளையம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.